இரண்டு படங்களுக்கு நடுவே

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற ஆளிடம் கெட்ட சேதி எதையும் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் என்று சொல்கிறேனே தவிர, நெய்வேலியில் நான் பழகிய குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவருக்கு மனசு வீட்டிலேயே கிடந்தால் கை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் கழித்துச் சொன்னால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்பாள் என் அம்மா.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தங்கை கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். அப்பா மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா தங்கையைக் குளியலறைக்குள் தள்ளி, வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டு, கதவிடுக்கு வழியாக எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான்தான் சாப்பாட்டு டப்பாவை அப்பாவிடம் கொடுத்தேன். "சின்னவ எங்கடி?" என்றார். "விளையாடப் போயிருக்காப்பா" என்றேன். சைக்கிள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் கதவு திறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்திலும் அம்மா என் கன்னத்தைத் தட்டி, "சமத்து" என்றாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்சிமிட்டாமல் பொய் சொல்ல வந்துவிட்டது என்பதை ஒரு திறமையாக நினைத்துத்தான் வளர்ந்தேன்.

நான் கட்டிக்கொண்டதும் சுரங்க வேலைக்காரரைத்தான். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம். பெல்ட் பராமரிப்பில் பெர்மனென்ட். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். நான் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே பெண். அவளும் அதே பள்ளியில்தான் படித்தாள்.

அப்போது அவளுக்கு ஆறரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, கூடத்தில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாரேன், விரல் தானா ஆடுது" என்று சிரித்தாள். வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் துள்ளிக்கொண்டிருந்தன. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் சுண்டிவிடுவதுபோல, ஒரே தாளத்தில். "சேட்டை பண்ணாம கலர் அடி" என்று அதட்டிவிட்டு மீன் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நின்றிருந்தது. நானும் மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளியில், இடைவேளை முடிந்து குழந்தைகள் வரிசையில் நின்றபோது, அவளுடைய முகத்தின் வலது பக்கம் கோணிக்கொண்டு இழுத்தது. கை இழுத்தது. பிறகு உடம்பு முழுக்க. ஓடிப்போய்ப் பிடித்தது பக்கத்து வகுப்பு டீச்சர். நான் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டேன். பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது தண்ணீர் தெளித்து எழுப்பவேண்டியிருந்தது அம்மாவைத்தான் என்று என் கணவருக்கு யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு அவர் மனதில் நான் எதையும் தாங்காதவள் என்று பதிந்துபோனது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் பாப்பாவிடம் பேசும்போது மட்டும் கீழே குனிந்து அவள் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொள்வார். மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்தவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். உடம்பில் கம்பி, பிளேட் எதுவும் உண்டா, வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவரா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா. என் கணவருக்குப் பட்டதுண்டு. உள்ளே இருக்கிற காந்தம் கண்ணுக்குள் கிடக்கும் தூளைக்கூட இழுத்துவிடும், நீங்கள் வரவேண்டாம் என்றுவிட்டார். அதனால் நான் போனேன். பாப்பாவின் கம்மலையும் கொலுசையும் கழற்றினேன். என் ஊக்கு, வளையல், கடைசியில் சிலுவை கோத்த தாலிக்கொடி. கல்யாணமான நாளிலிருந்து கழுத்தை விட்டு இறங்காதது அது. அவர் கையில் கொடுத்தபோது அவர் அதைப் பார்க்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அவளை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். ஒரு நிமிடம் முன்புவரை என் துப்பட்டாவைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தவள் துணிமாதிரி துவண்டுபோனாள். அவளை அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். கால் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. காதை அடைத்துக்கொண்டும் அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. தட்டுவது, அறுப்பது, பிறகு திடீரென்று அமைதி, மறுபடியும் தட்டுவது. வெளியே வந்தபோது என் கணவர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ரோலர் கெட்டுப்போன பெல்ட்டு இப்படித்தான் கத்தும்" என்றார். அப்புறம் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதுபோல வாயை மூடிக்கொண்டார்.

படம் நார்மல் என்றார் டாக்டர். நான் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"முழுசாக் கேளுங்கம்மா. வலிப்பு ஒரே பக்கமா வருது. விரல் துடிப்பு அடிக்கடி வருது. இந்த மாதிரி வர்றதுல அரிதான நோய் ஒண்ணு இருக்கு. மூளையில ஒரு பாதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது. ஆரம்பத்துல எடுக்கிற படத்துல ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாம். ஒரு படத்தை வெச்சு சொல்ல முடியாது. அடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அடுத்த படம் எப்ப மேடம்?" என்று கேட்டார் என் கணவர்.

"மூணு மாசத்துல வாங்க, பாக்கலாம். ஒவ்வொரு தடவையும் மயக்கம் குடுக்கணும், அதனால தேவையில்லாம எடுக்க எனக்கு இஷ்டமில்ல. ஒரு நோட்டுப் போடுங்க. தினமும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த விரல், எல்லாம் எழுதுங்க. கூடுச்சுன்னா மூணு மாசம் காத்திருக்காதீங்க. அன்னைக்கே வாங்க. அந்த நோட்டுதான் எனக்குக் கண்ணு."

வரும் வழியில் பண்ருட்டியில் இறங்கி ஒரு முழுப் பலாப்பழம் வாங்கினோம். டாக்டர் சொன்னதில் நார்மல் என்ற சொல்லை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று இப்போது தெரிகிறது.

நோட்டுக்குக் கோடு போட்டவர் என் கணவர்தான். சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட்டுக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும்போது எழுதுவதுபோல ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டினார். தேதி, நேரம், யார் பார்த்தது, குறிப்பு. பள்ளிக்கு சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் வேலைக்குப் போனால் நான், நான் தூங்கினால் அல்லது கடைக்குப் போனால் அவர். வீட்டில் எங்களுக்கும் ஷிஃப்ட் வந்துவிட்டது. நோட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். வேலைக்குக் கிளம்பும் முன் அவர் அதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் ஷூவை மாட்டுவார்.

அங்கேதான் ஆரம்பித்தது. முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டாவது வாரம் ஒருநாள், அவர் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது நோட்டைப் படித்துவிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பஸ் வரும் நேரம். நான் பேரைச் சொல்லாமல் "என்னங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. அந்த முகத்தோடுதான் அவர் பெல்ட்டுக்கு அடியில் குனியப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் பதினொரு தடவை துடித்தது. நோட்டில் நாலு என்று எழுதினேன். அவர் படித்தார். "பரவால்லியே" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். களைத்து வந்தார். சாப்பிட்டுப் படுத்தார். மறுநாளும் அவருக்கு ஷிஃப்ட் இருந்தது.

ஷிஃப்ட் இல்லாத நாள் என்று ஒன்று வரும்போது, அத்தனை நாள் எழுதிய பொய்யையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதையெல்லாம் அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் இருக்கிறேன். பாதிக்குமேல் அது பயம்தான்.

அவருடைய பக்கத்தையும் நான் தினமும் படித்தேன். அவர் பார்த்துக்கொண்ட நேரத்தில் மூன்று, இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என்னிடம் இருக்கும்போதுதான் அதிகமாக வருகிறது போலிருக்கிறது, நான் பதறுவதைப் பார்த்து அவளும் பதறுகிறாள், அல்லது எனக்குத்தான் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் எண்ணிக்கையையே நான் நம்பாமல் போனேன்.

மூன்றாவது மாதம் பாண்டிச்சேரி போனோம். அன்றைக்கு அவருக்கு மதிய ஷிஃப்ட். லீவு போடவில்லை, நேராகத் திரும்பி வேலைக்குப் போகவேண்டும். டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாப்பா வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அப்போது பார்த்து ஆடவில்லை. விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். "கொஞ்சம் பிடி தளர்ந்த மாதிரி இருக்கே. எழுதறாளா?" என்று என்னைக் கேட்டார்.

அவள் இரண்டு வாரமாகப் பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் கணவர், காலில் சுரங்கத்து ஷூ, மடியில் சாப்பாட்டு டப்பா.

"எழுதறா மேடம்" என்றேன்.

"நோட்டுப்படி குறைஞ்சுகிட்டு வருது. மருந்து கேக்குதுன்னு வெச்சுக்கலாம். அப்படின்னா ஸ்கேனை இன்னும் நாலு மாசம் தள்ளிப் போடலாம். ஆனா எதாவது மாறுச்சுன்னா உடனே போன் பண்ணணும், சரியா?"

சரி என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினோம்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். துடிப்பு விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. பிறகு முழங்கைக்கு. தூக்கத்திலும் நிற்கவில்லை. பாயில் அவள் கை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஃபேன் சத்தத்தோடு அது கலந்துவிடும் என்பதற்காக ஃபேனை அதிகமாக வைப்பேன். வலது காலை இழுத்து வைத்து நடக்க ஆரம்பித்தாள். சொற்கள் போயின. கரண்டியைக் காட்டி "அது... அது வேணும்" என்பாள். பூனையைக் காட்டி "நாய்" என்று சொல்லிவிட்டு, தப்பு என்று தெரிந்து, சரியான சொல் கிடைக்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரித்துக்கொண்டே "பூனை" என்பேன். அவளும் சிரிப்பாள். அப்பா வீட்டில் இருக்கும்போது அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். கையைத் தொடைக்கடியில் வைப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நோட்டில் எங்கள் எழுத்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி மாதங்களில் இரண்டு பேரும் குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்லைத்தான் எழுதினோம். நார்மல்.

டாக்டர் சொன்ன தேதிக்கு, முதல் படம் எடுத்து ஏழு மாதம் கழித்து, இரண்டாவது படம் எடுக்கப் போனோம். அவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே டாக்டரின் முகம் மாறியது. உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மறுபடியும் தாலிக்கொடி, மறுபடியும் மயக்கம், மறுபடியும் அந்தச் சத்தம். இந்தத் தடவை என் கணவர் சுவரோரம் நிற்கவில்லை. வாசலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திரையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பழையதில் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருந்தன, அச்சு எடுத்த மாதிரி. புதியதில் ஒரு பாதி அப்படியே இருந்தது. மறு பாதி சிறுத்திருந்தது. மடிப்புகளுக்கு நடுவே கருப்பு இடைவெளி அகன்று, நடுவிலிருந்த குழி பெரிதாகி, மண்டையோட்டுக்கும் உள்ளிருப்பதற்கும் நடுவே இடம் விட்டிருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்தில் முந்திரி உடைக்கும்போது சில கொட்டைக்குள் பருப்பின் ஒரு பாதி சூம்பிப்போய் இருக்கும். அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்றும் படிக்காதவர்கள்கூடப் புரிந்துகொண்டுவிடுவார்கள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"இது இடது பக்கம். வலது கை, கால், பேச்சு எல்லாம் இங்கதான்" என்றார் டாக்டர். பிறகு நோட்டை எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தார். "இந்தப் படம் உண்மை. அப்படின்னா இந்த நோட்டு என்ன?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. நேத்து எத்தனை தடவை?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் லீவு. எனக்கு மறைக்க ஒரு காரணமும் இல்லை.

"எண்ணுறதை விட்டுட்டேன் மேடம்" என்றேன். "நிக்கிறதே இல்ல. ரெண்டு மாசமா நிக்கல."

என் கணவர் சட்டென்று என் பக்கம் திரும்புவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பாத்துக்கினு இருக்கும்போதும் நிக்கல மேடம். எனக்கு மூணு மாசமாத் தெரியும்."

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா, பாவம் என்று இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆபரேஷன்தான் வழி" என்றார் கடைசியில். "இடது பாதிக்கும் மத்ததுக்கும் இருக்கிற தொடர்பை முழுசாத் துண்டிக்கணும். துடிப்பு நிக்கும். ஆனா வலது கைவிரல்ல வேலை செய்ய முடியாது, அது திரும்ப வராது. நடப்பா, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பா. வலது பக்கப் பார்வை குறையும். பேச்சு... சின்ன வயசுல வலது பக்க மூளை பேச்சைக் கத்துக்கும். எவ்வளவு சீக்கிரம் செய்யறோமோ அவ்வளவு நல்லது."

"மூணாவது மாசமே செஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அதை இப்ப கேக்காதீங்கம்மா."

"இல்ல மேடம், எனக்குத் தெரியணும்."

"இன்னும் நிறைய வார்த்தை கையில இருக்கும்போதே செஞ்சிருக்கலாம்" என்றார். கேட்டதற்குச் சொன்னார், குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது பஸ்ஸில் பாப்பாவுக்கு மயக்கமருந்தின் மிச்சத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. குள்ளஞ்சாவடியில் இறங்கிவிட்டோம். ஒரு டீக்கடை பெஞ்சில் அவளைப் படுக்கவைத்துவிட்டு, நல்ல வெயிலில், சந்தைக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும் ரோட்டோரத்தில் நின்று நாங்கள் சண்டை போட்டோம். கல்யாணமாகி அப்படி ஒரு சண்டை போட்டதில்லை.

"ஏன் பொய் எழுதின?" என்றார்.

"நீங்க மட்டும் என்ன எழுதினீங்க? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு பத்து நாள் வரிசையா எழுதியிருக்கீங்க!"

"உனக்கு மயக்கம் வந்துடும்னு எழுதினேன். ஸ்கூல்ல விழுந்தவதானே நீ? புள்ளையையும் பாத்துக்கினு, உன்னையும் தூக்கிக்கினு நான் எங்க ஓடறது? வூட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான் உங்க கை போயிடும்னு எழுதினேன்."

அவர் தன் இரண்டு கையையும் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். நகக்கண்ணில் கிரீஸ் படிந்த, பத்து விரலும் சரியாக இருக்கிற கைகள். "இருக்கு. ரெண்டும் இருக்கு. பாத்துக்கோ" என்றார். "உன்கிட்ட இருக்கும்போது நல்லாத்தான் இருக்கா, என்கிட்டதான் இப்படி வருதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீ எழுதுனதை நம்பிக்கினு இருந்தேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் நம்பியதும் அவர் எழுதியதைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். பெஞ்சில் பாப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. வலது கை துடித்துக்கொண்டிருந்தது, அதை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள், நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

நான் போய் அந்த இடது கையை எடுத்துவிட்டேன். "ஆடட்டும் கண்ணு" என்றேன். "அம்மா பாக்கறேன். ஆடட்டும்."

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. ஒரு பகல் முழுக்க. அதைப் பற்றி எனக்கு எழுத வராது. வெளியே வந்தபோது தலையில் கட்டு, முகம் வீங்கியிருந்தது, கை அசையாமல் போர்வைமேல் கிடந்தது. எட்டு மாதத்தில் அந்தக் கை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நல்லது என்று சொன்னார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

துடிப்பு அதற்குப் பிறகு வரவேயில்லை. பேச்சும் வரவில்லை. கண்ணால் எங்களைத் தொடர்ந்தாள், அழுதாள், "ஆ" என்றாள். அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் இரண்டு நாள் வந்தார். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். மாடு, வீடு, பஸ். ஆறாவது வாரம் "ம்மா" வந்தது. ஒன்பதாவது வாரம் "தண்ணி". அவள் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து வெளியே கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நான் நார்மல் என்று எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை சொல் என்று மனது கணக்குப் போடும். அந்த மாதிரிக் கணக்கு போடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதற்கு என்ன.

டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கவேண்டும் என்றார். இந்தத் தடவை மூளையின் வலது பக்கத்தைப் பார்ப்பதற்காக. "இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தோட நின்னுடும். மறு பக்கத்துக்குப் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இந்த நோயே அபூர்வம்தானே? அதனால பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். அவளிடம் இப்போது மிச்சமிருப்பது அந்தப் பாதிதான். பேச்சு, நடை, இடது கை, சிரிப்பு, எங்களை அடையாளம் தெரிவது எல்லாம் அதற்குள்தான். அப்படி எடுக்கும் முதல் படத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

போன வாரம் ஒருநாள் மத்தியானம். சாப்பாட்டுத் தட்டை அவள் முன் வைத்தேன். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாய் சாப்பிட்டவள் நிறுத்தினாள். இடது கையால் வலது கையைத் தூக்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"கை..." என்றாள். அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் முயன்றாள். "கை... வருமா?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. வந்துடும் கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் அவருடைய கை கயிற்றோடு நின்றுபோயிருந்தது.

"வராது கண்ணு" என்றேன்.

அவள் அழவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். நான் சொன்னதையே அவரும் சொல்கிறாரா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

"வராதும்மா" என்றார் அவர்.

பிறகு சோறு ஒட்டியிருந்த இடது கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து எங்கள் இருவருக்கும் காட்டினாள்.

"இதுவும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். விரித்த கையை இறக்காமல் அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது கண்ணு" என்றேன்.

தெருமுனையில் ஷிஃப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.